மண்ணையும் நீரையும் காக்கும் விவசாயிகளைப் பாராட்டுதல்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையைச் சுற்றியுள்ள திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பயிர் விவசாயிகளை, அவர்கள் மண்ணையும் நீரையும் காத்த பணிக்காகப் பாராட்ட விரும்பும் குடியிருப்போர் நலச் சங்கங்கள், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அணிகள், நுகர்வோர் குழுக்கள் ஆகியவற்றுக்காக இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. விருது ஒன்றைத் தொடங்குவது எளிது. உரியவரைக் கண்டுபிடித்து உரிய காரணத்துக்காக அதைக் கொடுப்பதில்தான் சிக்கல் இருக்கிறது என்பதால், பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றியே பேசுகிறது.

மண், நீர் பாதுகாப்புக்கான பாராட்டு என்றால் எதைப் பாராட்டுகிறோம்?

அறுவடை முடிந்து, மூட்டைகள் வண்டியேறி, களம் காலியான பிறகு நிலத்தில் எது மிஞ்சியிருக்கிறதோ அதைப் பாராட்டுகிறோம். மேல்மண் இடம் பெயராமல் இருக்கிறதா, அதில் மக்கு (மக்கிய இலைதழைச் சத்து) சேர்ந்திருக்கிறதா, பெய்த மழை வயலுக்குள்ளேயே இறங்கியதா, கிணற்றிலிருந்து எடுத்த நீருக்கு ஈடாக ஏதாவது திரும்பப் போனதா என்பவையே இங்கே கேட்கப்பட வேண்டியவை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பது நல்ல கேள்விதான், ஆனால் அது வேறு விருதுக்கான கேள்வி. மண்ணைத் தேய்த்தும், ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தியும் சில ஆண்டுகளுக்கு அமோகமாக விளைவிக்க முடியும் என்பதை விவசாயிகளே நன்கு அறிவார்கள்.

இதில் சென்னைவாசிகளுக்கு என்ன வேலை? இது வேளாண் துறையின் பொறுப்பல்லவா?

பொறுப்பு துறைக்கு உண்டு. பலன் சென்னைக்கு வருகிறது. நகரத்தின் குடிநீர் ஏரிகளான பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை ஆகியவற்றுக்கு வரும் நீரில் பெரும்பகுதி விவசாய நிலங்கள் வழியாகத்தான் வருகிறது. 1944இல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கரைந்து ஓடிவரும் மண் எல்லாம் கடைசியில் தேக்கத்தின் அடியில்தான் படியும். வரப்பு உயரமாக உள்ள ஒரு வயல் அந்த மண்ணை வழியிலேயே நிறுத்திவிடுகிறது.

நிலத்தடி நீரின் கதை இதைவிட நேரடியானது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களின் கிணற்றுத் தொகுப்புகளிலிருந்து சென்னைக்குப் பல பத்தாண்டுகளாக நீர் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. வறட்சி ஆண்டுகளில் விவசாயிகளின் சொந்தக் கிணறுகளிலிருந்தும் குடிநீர் வாரியம் விலை கொடுத்து நீர் வாங்கியது. நகரமும் பாசனமும் சேர்ந்து இறைத்ததில் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து, இனித்த கிணறுகள் உவர்த்துப் போயின. சென்னைப் பெருநகர் பகுதிக்கென 1987இல் தனி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததற்குப் பின்னணியில் இருந்ததும் இந்தக் கவலைதான். 2019 ஜூன் மாதத்தில் முக்கிய ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசையில் நின்ற நகரத்துக்கு, மேற்கே ஒருவர் தம் வயலில் மழையை நிறுத்தி வைப்பது தனக்குச் சம்பந்தமில்லாத செயல் என்று சொல்ல உரிமையில்லை.

கணக்காகவும் பார்க்கலாம். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 4,000 லிட்டர். வடகிழக்குப் பருவத்தில் 25 மில்லிமீட்டர் மழை ஒரே மாலையில் பெய்வது இங்கே சாதாரணம். அதை ஓடவிடாமல் உள்வாங்கும் ஓர் ஏக்கர் நிலம், அந்த ஒரு மாலையில் மட்டும் சுமார் ஒரு லட்சம் லிட்டர் நீரை மண்ணுக்குள் அனுப்புகிறது.

அரசு விருதுகள் ஏற்கெனவே இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

இருக்கும் விருதுகள் எதை அளக்கின்றன என்று பார்த்தால் இடைவெளி தெரியும். செம்மை நெல் சாகுபடி முறையில் மாநிலத்திலேயே மிக அதிக விளைச்சல் எடுப்பவருக்குத் தமிழக அரசு விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பெயரில் 5 லட்சம் ரூபாய் பரிசு தருகிறது. செம்மை முறையில் 14 நாள் நாற்றை 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, நீரைக் கட்டி வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சுவதால் தண்ணீர் மிச்சமாவது உண்மை. ஆனாலும் பரிசைத் தீர்மானிப்பது தராசுதான். மிச்சமான தண்ணீரை அங்கே யாரும் அளப்பதில்லை. 2023-24 வேளாண் நிதிநிலை அறிக்கையில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பெயரில் அறிவிக்கப்பட்ட விருது உயிர்ம (இயற்கை) விவசாயிகளுக்கானது. ஒன்றிய ஜல்சக்தி அமைச்சகத்தின் தேசிய நீர் விருதுகளில் மாநிலங்களும் மாவட்டங்களும் ஊராட்சிகளும் முன்னுக்கு நிற்கின்றன. 2019ஆம் ஆண்டுக்கான விருதில் சிறந்த மாநிலமாகத் தமிழ்நாடு தேர்வானது. ஐந்து ஏக்கரில் சத்தமில்லாமல் வரப்பை உயர்த்திக்கொண்டிருக்கும் தனி விவசாயிக்கு இவற்றில் நேரடி இடம் குறைவு.

பத்ம விருதுகள் அண்மை ஆண்டுகளில் இந்தப் பக்கம் திரும்பியிருப்பதைச் சொல்லியாக வேண்டும். கோவை தேக்கம்பட்டியின் இயற்கை விவசாயி பாப்பம்மாள் பாட்டி 2021இல் நூறு வயதைக் கடந்த நிலையில் பத்மஸ்ரீ பெற்றார். கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டத்தில் வறண்ட குன்றுச் சரிவில் தனியாளாகச் சுரங்கம் வெட்டி, பல சுரங்கங்கள் பொய்த்த பின்னும் விடாமல் வெட்டி நீரைக் கண்டு, பாக்குத் தோட்டம் வளர்த்த மகாலிங்க நாயக்குக்கு 2022இல் அதே விருது கிடைத்தது. இவை ஓர் ஆயுள் முழுவதும் உழைத்தவர்களுக்கான மரியாதை. ஏழெட்டு ஆண்டுகளாக முயன்றுகொண்டிருக்கும் நாற்பது வயது விவசாயிக்கு அதற்குள் ஒரு கை கொடுப்பது உள்ளூர்ப் பாராட்டின் வேலை.

எந்தெந்தச் செயல்களைக் கணக்கில் எடுக்கலாம்?

பயிரையும் நிலத்தையும் பொறுத்து மாறும். திருவள்ளூர் மாவட்டத்தின் நஞ்சையில் முதன்மையானது நெல்லுக்கு நீர் பாய்ச்சும் முறை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுபவர்களின் வயலில், துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று சேற்றில் செங்குத்தாகப் பதிக்கப்பட்டிருக்கும். குனிந்து அதற்குள் பார்த்தால் மண்ணுக்கு அடியில் நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியும். மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சுவார்கள். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிட மாட்டார்கள். வயலில் எப்போதும் நீர் பளபளத்தால்தான் விவசாயம் என்று பழகிய ஊரில், மேல்மண் வெடிப்பு விடும் வரை பொறுத்திருப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். பக்கத்து வயல்காரரின் கிண்டலும் அதில் சேர்த்தி.

அடுத்தது பசுந்தாள் உரம். தக்கைப்பூண்டையோ சணப்பையோ விதைத்து, பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45ஆம் நாளில், மடக்கி உழுவது. விற்க எதுவும் தராத ஒரு பயிருக்காக ஒன்றரை மாதம் நிலத்தை ஒதுக்குவதால் இதன் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. மணிலா (நிலக்கடலை), தர்ப்பூசணி, காய்கறி போடும் புன்செயில் கோடை உழவு, சரிவுக்குக் குறுக்கே உழுதல், சம உயர வரப்பு, வைக்கோலையோ கரும்புச் சோகையையோ (காய்ந்த தோகை) மண்மேல் பரப்பும் மூடாக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சோகையைக் கொளுத்தாமல் வயலிலேயே பரப்புபவர் ஒருவர் கிடைத்தால் அவர் பெயரை முதலில் குறித்துக்கொள்ளலாம். பண்ணைக் குட்டையும் முக்கியம். மேல்மட்டத்தில் 30 மீட்டர் நீள அகலமும் 2 மீட்டர் ஆழமும் உள்ள குட்டை, பக்கச் சரிவுகளைக் கழித்தாலும் சுமார் 14 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஆனால் மழைநீர் வந்து நிரம்பும் குட்டையா, ஆழ்துளைக் கிணற்று நீரை ஏற்றி வைக்கும் தொட்டியா என்று கேட்டுவிட வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஏரி வண்டலை வயலில் அடிப்பதையும் சேர்க்கலாம். 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டு, வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்க வழி செய்யப்பட்டது. ஏரிக்கு ஆழம், வயலுக்கு வளம் என இரு பக்கமும் ஆதாயம் உள்ள வேலை இது. செங்கல் சூளைக்குப் போகாத வரை.

சொட்டுநீர்ப் பாசனம் அமைத்தவர்களை எல்லாம் பாராட்டலாமா?

அமைத்ததற்காக மட்டும் வேண்டாம். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனத்துக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம், உச்சவரம்புக்கு உட்பட்டு, கிடைக்கிறது. எனவே குழாய் பதித்தது மானியத்தின் வெற்றியாகவும் இருக்கலாம். மின்கட்டணம் இல்லாத பம்பு செட்டும் சொட்டுநீரும் சேர்ந்தால், மிச்சமான நீரைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கரில் வாழை போடும் ஆசை வருவது இயல்பு. அப்போது நிலத்தடியிலிருந்து எடுக்கும் மொத்த நீர் குறைவதே இல்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: சொட்டுநீர் வந்த பிறகு மோட்டார் ஓடும் மொத்த நேரம் குறைந்ததா? மூன்றாண்டு கழித்தும் வடிகட்டியைக் கழுவி, அடைத்த சொட்டுவான்களை மாற்றி, அமைப்பைப் பராமரித்து வருகிறாரா என்பதும் நல்ல அடையாளம். வரப்போரம் சுருட்டிப் போடப்பட்ட கறுப்புக் குழாய்கள் வேறு கதை சொல்லும்.

இயற்கை விவசாயிகளுக்கு மட்டும்தானா?

தேவையில்லை. மண் பரிசோதனை முடிவைப் பார்த்து யூரியாவைப் பாதியாகக் குறைத்து, வரப்பைப் பேணி, பசுந்தாள் மடக்கி உழும் ஒருவர் சான்றிதழ் இல்லாதவராக இருக்கலாம். சான்றிதழ் உள்ள தோட்டம் ஒன்று ஆயிரம் அடி ஆழத்திலிருந்து நீர் உறிஞ்சிக்கொண்டும் இருக்கலாம். உயிர்ம முறை ஒரு கூடுதல் தகுதி; நுழைவுச் சீட்டாக்கினால் உரியவர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றுவிடுவார்கள்.

வயலில் போய் எப்படிச் சரிபார்ப்பது? நாங்கள் விவசாயம் அறிந்தவர்கள் அல்லர்.

குறைந்தது இரண்டு முறை போக வேண்டும். சித்திரை, வைகாசியில் ஒரு முறை, ஐப்பசி அல்லது கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை. மழைக்குப் பின் வயலின் கடைசி மடையில் நின்று வெளியேறும் நீரின் நிறத்தைப் பாருங்கள். பக்கத்து வயல்களிலிருந்து செந்நீராக ஓடும்போது இங்கே தெளிந்து ஓடினாலோ, எதுவுமே ஓடாவிட்டாலோ, விண்ணப்பத்தில் எழுதிய பத்துப் பக்கத்தைவிட அது பெரிய சாட்சி.

கோடையில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி மண் கட்டியைக் கையில் எடுங்கள். வேர்கள் நேராக இறங்கியிருக்கின்றனவா, ஓரிடத்தில் தடைபட்டுப் பக்கவாட்டில் திரும்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். திரும்பியிருந்தால் அடியில் இறுகிய படலம் இருக்கிறது என்று பொருள். நன்றாகக் காய்ந்த ஒரு கட்டியை, கண்ணாடிக் குவளை நீரில், வலைத்துண்டின் மேல் வையுங்கள். மக்குச் சத்து உள்ள மண் நெடுநேரம் உருக்குலையாமல் நிற்கும். இல்லாதது சில நிமிடங்களில் பொலபொலவென்று கரைந்து குவளையைக் கலக்கிவிடும். விவசாயியின் கட்டியையும், உழாமல் கிடக்கும் வேலியோர மண்ணையும் அருகருகே வைத்தால் வேறுபாட்டை அவரே உங்களுக்கு விளக்குவார்.

நீர் இறங்கும் வேகத்தை அளக்க, 6 அங்குல விட்டமுள்ள குழாய் வளையம் ஒன்றை மண்ணில் பாதி அமிழ்த்தி, 444 மில்லிலிட்டர் நீரை ஊற்ற வேண்டும். அது ஓர் அங்குல மழைக்குச் சமம். முழுதும் இறங்க எத்தனை நிமிடம் என்று குறித்து, உடனே இரண்டாம் முறையும் ஊற்றுங்கள். நம்பத்தக்கது இரண்டாவது அளவு. சேறடித்த நெல் வயலில் இந்தச் சோதனையைச் செய்து யாரையும் குறை சொல்லிவிடக் கூடாது. அங்கே நீர் கீழே இறங்கக் கூடாது என்பதற்காகத்தானே சேறடிக்கிறார்கள்.

ஆய்வக எண் வேண்டும் என்றால் மண் வள அட்டையில் உள்ள கரிமக் கார்பன் அளவு போதும். 0.5 விழுக்காட்டுக்குக் கீழே குறைவு, 0.75க்கு மேல் அதிகம் என்பது பொதுவான வகைப்பாடு. நம் வெயிலில் மக்கு வேகமாகச் சிதைவதால் அந்த எண் மெதுவாகத்தான் ஏறும். ஆகவே ஓர் ஆண்டின் அட்டையைவிட, நான்கைந்து ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு அட்டைகளுக்கு மதிப்பு அதிகம். குறைவிலிருந்து தொடங்கி உயர்த்தியவரும், ஆற்றோர வளமான மண்ணைப் பெற்றவரும் ஒரே எண்ணைக் காட்டினால் பாராட்டு முன்னவருக்கே உரியது.

குத்தகைக்குப் பயிரிடுபவர்களும் பெண்களும் விண்ணப்பிக்க முடியுமா?

முடிய வேண்டும். ஆனால் பட்டா நகல் கேட்கும் விண்ணப்பப் படிவம் அவர்களை முதல் வரியிலேயே வெளியேற்றிவிடும். நிலம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்க, விதை நேர்த்தி முதல் களையெடுப்பு வரை செய்பவர் வீட்டுப் பெண்ணாக இருப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். குத்தகைதாரரின் நிலைமை இன்னும் வினோதமானது. அவர் உயர்த்தும் வரப்பும் ஏற்றும் மக்கும் அடுத்த ஆண்டு நில உரிமையாளருடையவை ஆகிவிடும். வளம் கூடிய நிலத்துக்குக் குத்தகைத் தொகையும் கூடலாம். அப்படி இருந்தும் மண்ணைக் கவனிக்கும் குத்தகைதாரருக்குத் தேர்வில் கூடுதல் எடை தருவது நியாயம் என்பது என் கருத்து. பயிரிடுபவர் யார் என்பதற்கு அடங்கலோ (கிராமப் பயிர்ப் பதிவேடு), கிராம நிர்வாக அலுவலர் சான்றோ, அதுவும் இல்லையென்றால் அக்கம்பக்கத்து விவசாயிகள் இருவரின் வாய்மொழியோ போதுமானது. பாராட்டு மடலில் கணவன், மனைவி இருவர் பெயரையும் எழுதுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

தனி விவசாயிக்குக் கொடுப்பதா, ஊருக்கே கொடுப்பதா?

ஏரிப் பாசன ஊராக இருந்தால் ஊருக்குக் கொடுப்பதே முறை. ஏரி நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி, வரத்துக்கால்வாயை ஆள் சேர்த்துத் தூர்வாரும் ஆயக்கட்டுதாரர்கள் (ஏரிப் பாசன நிலம் உள்ளவர்கள்) என்று அங்கே எல்லாமே கூட்டுப் பணி. கிணற்றின் நீர்மட்டம் உயர்ந்தது என்றால் அது ஒருவருடைய வயலால் மட்டும் உயர்ந்திருக்காது. இந்த மண்டலத்துக்கு அது புதிதுமல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், ஏரியைக் கவனிக்க ஆண்டுதோறும் குடவோலை முறையில் ஏரி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்கின்றன. ஏரியைப் பராமரிப்பதற்கென்று நிலம் ஒதுக்கிய செய்திகளும் தமிழகக் கல்வெட்டுகளில் பல உண்டு. கைதட்டலோடு நிறுத்தாமல் வருமானம் தரும் நிலத்தையே ஒதுக்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கிணற்றுப் பாசனப் புன்செய் என்றால் தனி நபரைத் தேர்ந்தெடுக்கலாம்.

பரிசாக எதைக் கொடுப்பது? விழாவை எங்கே, எப்போது நடத்துவது?

பொன்னாடையும் கேடயமும் மேடைப் புகைப்படத்துக்கு உதவும். அவற்றோடு நிலத்துக்குத் திரும்பிப் போகும் ஒன்றும் இருக்கட்டும்: அடுத்த பருவத்துக்கான தக்கைப்பூண்டு விதை, மண் பரிசோதனைச் செலவு, குட்டையின் கரையைப் பலப்படுத்தும் கூலி என்று அவரே சொல்வதைக் கேட்டுக் கொடுக்கலாம். என்னைக் கேட்டால், நூறு வீடுகள் உள்ள அடுக்ககம் ஒன்று அவருடைய நெல்லையோ காய்கறியையோ விதைக்கும்போதே பேசி முடித்த விலையில் ஓராண்டுக்கு வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுப்பதைவிடப் பெரிய விருது இல்லை. பசுந்தாளுக்காக நிலத்தை ஒதுக்கும் ஒன்றரை மாதத்தின் இழப்பை அந்த விலை ஓரளவு ஈடுகட்ட வேண்டும். வழக்கமான சந்தை விலையையே தந்துவிட்டு நேரடிக் கொள்முதல் என்று பெருமை பேசுவதில் பயனில்லை.

விழாவை அந்த விவசாயியின் வயலில் நடத்துங்கள். தியாகராய நகர் மண்டபத்தில் நடத்தினால் அவருடைய ஊர்க்காரர்கள் வர மாட்டார்கள். அவர்கள் பார்த்துப் பேசி, கேள்வி கேட்டு, தங்கள் வயலில் செய்து பார்ப்பதில்தான் விருதின் பாதிப் பயன் இருக்கிறது. டிசம்பர் 5 உலக மண் நாள் என்பதால் பலர் அந்த நாளை நாடுகிறார்கள். நம் பகுதியில் அது புயல் காலம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் சென்னையே மூழ்கிக் கிடந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று நெல் பட்டமும் (பருவமும்) நடக்கும் ஊர்களில் நாற்று விடும், நடும், அறுக்கும் வாரங்களைத் தவிர்த்துவிட்டு, நவரைப் பயிர் வளர்ந்து நிற்கும் மாசி மாதத்தில் வைத்தால் அவருக்கும் ஓய்வு இருக்கும், காட்டுவதற்குப் பயிரும் இருக்கும்.

தேர்வுக் குழுவில் யார் இருக்க வேண்டும்?

மண் தெரிந்த ஒருவர், நீர் தெரிந்த ஒருவர், அதே வட்டாரத்தில் பயிரிடும் விவசாயிகள் இருவர் போதும். இடுபொருள் விற்பவர்கள் வேண்டாம். விழாவுக்கு நன்கொடை தருபவர்களும் குழுவில் இல்லாமல் இருந்தால் நல்லது.

விருது பெற்ற பின் ஒருவர் பழைய முறைக்குத் திரும்பிவிட்டால்?

திரும்பலாம். மகள் திருமணம், இரண்டு ஆண்டு மழையின்மை, ஆள் பற்றாக்குறை என்று காரணங்கள் இருக்கும். விருதைத் திரும்பக் கேட்பது அநாகரிகம். குறைந்தது ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து செய்தவர்களை மட்டும் தேர்ந்தெடுப்பதே இதற்கான தற்காப்பு.

வேறு நாடுகளில் இப்படிச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். 1930களில் அமெரிக்கச் சமவெளிகளில் உழுது திறந்து கிடந்த மேல்மண் புழுதிப் புயலாக எழுந்து கிழக்குக் கரை நகரங்கள் வரை பறந்தது. அதைத் தொடர்ந்து 1935 ஏப்ரலில் அங்கே மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் மண் பாதுகாப்பு மாவட்டங்கள் என்ற உள்ளூர் அமைப்புகள் உருவாயின. அவற்றில் பல இன்றும் ஆண்டுதோறும் தம் எல்லைக்குள் உள்ள ஒரு விவசாயியைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கின்றன. தேர்ந்தெடுப்பவர்களில் பலர் அதே ஊர் விவசாயிகள் என்பது அதன் பலம்.

பெயர்களை எங்கிருந்து பெறுவது?

விளம்பரம் கொடுத்தால் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே வருவார்கள். திருவள்ளூர் மாவட்டம் திரூரிலும் செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்திலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் கேளுங்கள். வட்டார உதவி வேளாண்மை அலுவலரிடமும், குட்டை வெட்டிய பட்டியல் கையில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறையிடமும் கேளுங்கள். பிறகு அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர் டீக்கடைக்குப் போய், மழை விட்டதும் யார் வயலில் முதலில் இறங்கி உழ முடிகிறது, கோடையில் யார் கிணறு கடைசியாக வற்றுகிறது என்று விசாரியுங்கள். இரண்டு இடத்திலும் சொல்லப்படும் பெயரின் வயலுக்கு முதலில் போகலாம்.